நாய்க்கு நம் தட்டிலிருந்து என்ன கொடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு கால்நடை மருத்துவரின் கிளினிக்கில் டோக்கன் போடுவதும், தடுப்பூசி அட்டை எழுதுவதும், தொலைபேசி எடுப்பதும் என் வேலை. பதினொரு வருடங்கள் ஆகிவிட்டன. ஊசியைப் பற்றியோ அறுவைச் சிகிச்சையைப் பற்றியோ கேட்பவர்கள் குறைவு. "நாய் இதைத் தின்றுவிட்டது, ஒன்றும் ஆகாதே?" என்பவர்கள்தான் அதிகம். தீபாவளிக்கு மறுநாள் தொலைபேசியைக் கீழே வைக்கவே முடியாது.

நான் மருத்துவர் இல்லை. எங்கள் மருத்துவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, கேள்வி கேட்டவர்களின் வார்த்தைகளோடு எழுதிவைத்திருக்கிறேன். அவர் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் திருத்தினார். என் கிண்டல்களை விட்டுவிட்டார்.

நாம் சாப்பிடுவதை நாய்க்குக் கொடுக்கவே கூடாது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. நாய் நம்மோடு சேர்ந்து, நம் மிச்சத்தைத் தின்றே வளர்ந்த பிராணி. 2013 இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, ஓநாயையும் நாயையும் மரபணு அளவில் ஒப்பிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கிறது. நாயிடம் அது பல மடங்கு பெருகியிருக்கிறது. சோறு தின்னப் பழகிய வயிறு அது.

ஆகவே சோறு பிரச்சினை இல்லை. சோற்றின்மேல் நாம் ஊற்றுவதுதான் பிரச்சினை. வெங்காயம், பூண்டு, புளி, உப்பு, எண்ணெய், மிளகாய் எல்லாம் அதில்தான் வருகின்றன. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: நாயின் பங்கைத் தாளிப்பதற்கு முன்னால் எடுத்து வைத்துவிடுங்கள். வெந்த பருப்பு, வெந்த காய், வெந்த கறி எல்லாம் மசாலாவும் உப்பும் சேர்வதற்கு முன் கிண்ணத்துக்குப் போய்விட வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? அது கேட்டுக்கொண்டே இருக்கிறதே.

அது கேட்டுக்கொண்டேதான் இருக்கும். மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, தின்பண்டமாகக் கொடுப்பது ஒரு நாள் உணவின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது. பத்துக் கிலோ எடையுள்ள, வளர்ந்த, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி தேவை. தின்பண்டத்துக்கு அதில் 60. ஒரு நடுத்தர இட்லியே கிட்டத்தட்ட 50 கலோரி. அவித்த முட்டை ஒன்று 70. குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்று இருபதுக்கு மேல்.

ஐந்து கிலோ பொமரேனியன் என்றால் மொத்த ஒதுக்கீடே 40 கலோரிக்குள்தான். "ஒரே ஒரு இட்லிதானே கொடுத்தேன்" என்று சொல்லும்போது இதை யோசித்துப் பாருங்கள். வீட்டில் நான்கு பேர் ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தால், அந்த நாய் அன்றைக்கு விருந்து சாப்பிட்டிருக்கிறது.

தயிர்சாதம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். குழைந்த சோறு, புளிக்காத தயிர், உப்பு இல்லாமல், தாளிப்பு இல்லாமல். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையில் ஒரு பகுதியைத் தயிரின் பாக்டீரியா முன்பே தின்றுவிடுவதால், பாலைவிடத் தயிர் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்கிறது. கோடையில் எங்கள் கிளினிக்குக்கு வரும் பாதி நாய்கள் தயிர்சாத நாய்கள்தான்.

கல்யாண வீட்டிலிருந்தும் ஓட்டலிலிருந்தும் வரும் தயிர்சாதத்தை மட்டும் கொடுக்காதீர்கள். அதில் திராட்சை போட்டிருப்பார்கள். ஏன் கூடாது என்பதைத் திராட்சைக் கேள்வியில் சொல்கிறேன்.

இட்லி, தோசை?

வெறும் இட்லி சரி. தோசையில் எண்ணெய் இல்லாமல் ஒரு துண்டு சரி. சட்னியும் பொடியும் வேண்டாம். மாவுப் பாத்திரத்தை எட்டாத இடத்தில் வையுங்கள். புளித்துக்கொண்டிருக்கும் பச்சை மாவைக் குடித்துவிட்டால் அது வயிற்றுக்குள்ளும் பொங்கி வாயுவை உண்டாக்கும். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த ரொட்டி, பரோட்டா மாவு இன்னும் மோசம். உள்ளே உப்புவதோடு சாராயமும் ஊறும். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவித்தால் உடனே கிளம்பி வாருங்கள்.

ரசம் சாதமும் சாம்பார் சாதமும் போட்டுத்தானே தாத்தா காலத்தில் நாய் வளர்த்தோம்? ஒன்றும் ஆகவில்லையே?

இந்தக் கேள்வி வாரத்துக்கு மூன்று முறை வரும். தாத்தா காலத்து நாய் எத்தனை வயதில், எதனால் செத்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை என்பது என் முதல் பதில். அந்த நாய் நாள் முழுக்கத் தோட்டத்தில் ஓடியது, எலி பிடித்தது, பக்கத்து வீட்டிலும் தின்றது. ரசம் சாதம் அதன் உணவில் ஒரு பங்குதான்.

சாம்பாரில் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று வெங்காயம். வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எல்லாம் ஒரே குடும்பம். அவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையைக் கொண்டுவரும். உடல் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் ஒரே வேளையில் தின்றால் நஞ்சாகும் என்பது மருத்துவ நூல்கள் தரும் அளவு. பத்துக் கிலோ நாய்க்கு அது 50 கிராம், அதாவது ஒரு நடுத்தர வெங்காயம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் கேடு சேர்ந்துகொண்டே வரும்.

இன்னொன்று புளி. இது நமக்கென்றே வந்த செய்தி. அமெரிக்காவில் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மைய மருத்துவர்கள், திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதாவதற்கு டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021 இல் எழுதினார்கள். புளியில் அதே அமிலம் தாராளமாக இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்கும் அதேபோல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அவர்கள் அடுத்துப் பதிவு செய்தார்கள். சோற்றில் தெறித்த இரண்டு சொட்டு ரசத்துக்கு நான் பயப்பட மாட்டேன். புளியோதரை, புளிக்குழம்பு, புளிக்காய்ச்சல், மரத்தடியில் விழுந்து கிடக்கும் புளியம்பழம், ஜாடியில் உள்ள புளி உருண்டை ஆகியவற்றுக்குப் பயப்படுவேன்.

வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தால் போதாதா?

போதாது. வேகும்போதே அதன் சாறு குழம்பில் இறங்கிவிடுகிறது. வதக்கினாலும் பொரித்தாலும் பொடியாக்கினாலும் அந்த நச்சு போகாது. பொடியில் தண்ணீர் வற்றியிருப்பதால் வீரியம் கூடுதல். சிப்ஸ், உடனடி நூடுல்ஸ் மசாலா, சூப் பொடி எல்லாவற்றிலும் வெங்காயப் பொடியோ பூண்டுப் பொடியோ இருக்கும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

இதில் ஏமாற்றுவது தாமதம். தின்ற அன்று நாய் வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும். மூன்று நான்கு நாட்கள் கழித்துச் சோர்வு, வெளிறிய ஈறு, காப்பி நிறத்தில் சிறுநீர். அதற்குள் நமக்கு வெங்காய பஜ்ஜி மறந்துபோயிருக்கும்.

பூண்டு கொடுத்தால் உண்ணி வராது என்று சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். உண்ணி வரத்தான் செய்கிறது. எங்கள் மேசைமேல் வந்து ஏறும் பூண்டு நாய்களின் காதுகளில் எண்ணிக் காட்டுவேன். வெங்காயத்தைவிடப் பூண்டு மூன்று முதல் ஐந்து மடங்கு வீரியம் உள்ளது. உண்ணிக்கு மருந்து இருக்கிறது. அதன் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள், உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தம் ஏற்ற எவ்வளவு ஆகும் என்று இதுவரை கேட்டதில்லை.

திராட்சை ஒன்றிரண்டு தின்றது. நன்றாகத்தானே இருக்கிறது?

இன்றைக்கு நன்றாக இருக்கலாம். நாளையும் இருந்தால் நல்லது. திராட்சையில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று கோடு போட முடியாது. ஒரு நாய் ஒரு கொத்தைத் தின்றுவிட்டுப் பிழைக்கும். இன்னொன்று சில பழங்களிலேயே விழும். மேலே சொன்ன டார்டாரிக் அமிலத்தின் அளவு வகைக்கு வகை, பழுத்த நிலைக்கு ஏற்ப மாறுவது இந்தக் குழப்பத்துக்கு ஒரு விளக்கம்.

பச்சை, கருப்பு, விதையுள்ளது, விதையில்லாதது எல்லாம் ஒன்றுதான். உலர் திராட்சை இன்னும் செறிவு. பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கல், கேக், பிரெட், பிரியாணி என்று அது ஒளிந்திருக்கும் இடங்கள் பல. முதல் நாள் வாந்தி, சோர்வு. ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சிறுநீர் குறைந்து சிறுநீரகம் நின்றுபோகலாம். அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். தின்றதைப் பார்த்தவுடன் தொலைபேசியை எடுங்கள்.

சாக்லேட் விஷம் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு தின்றால் விஷம்?

நல்ல கேள்வி, எல்லாச் சாக்லேட்டும் சமம் இல்லை. கோக்கோவில் உள்ள தியோபுரோமின் என்ற நஞ்சு நாயின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய பதினேழு மணி நேரம் ஆகும். நாயின் ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் என்ற அளவில் வாந்தி, பேதி, படபடப்பு தொடங்கும். 40, 50 இல் இதயத் துடிப்பு கெடும். 60 இல் வலிப்பு வரும்.

பத்துக் கிலோ நாய்க்கு அந்த முதல் கட்டம் பால் சாக்லேட்டில் சுமார் 100 கிராம், டார்க் சாக்லேட்டில் 40 கிராம், கோக்கோ பொடியில் வெறும் 7 கிராம். வெள்ளைச் சாக்லேட்டில் தியோபுரோமின் பெயருக்குத்தான், கொழுப்பு மட்டும் நிறைய. ஆக, லாப்ரடார் ஒரு ரூபாய் மிட்டாயைத் தின்றதற்கு நள்ளிரவில் அழ வேண்டாம். பக் நாய் கேக் செய்ய வைத்திருந்த கோக்கோ டப்பாவை உருட்டினால் அழுதுகொண்டே வண்டியை எடுங்கள். காப்பித்தூளுக்கும் இதே எச்சரிக்கைதான். ஃபில்டரில் மிஞ்சும் சக்கையைக் குப்பையில் திறந்து போடாதீர்கள்.

சர்க்கரை இல்லாத இனிப்பு என்றால் நல்லதுதானே? எங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளிகளுக்காக வாங்குகிறோம்.

இந்தப் பக்கத்தில் மிக அவசரமான பதில் இது. சர்க்கரைக்குப் பதில் போடும் பொருள்களில் சைலிட்டால் என்று ஒன்று உண்டு. நமக்கு ஒன்றும் செய்யாது. நாயின் உடலிலோ அது இன்சுலினைக் கொட்ட வைத்து, அரை மணி ஒரு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரையைத் தரைக்குக் கொண்டுபோகும். நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போதும். அரை கிராமைத் தாண்டினால் கல்லீரல் போகலாம். சர்க்கரையில்லாச் சூயிங்கம் ஒன்றிரண்டு துண்டுகளே சிறிய நாய்க்குப் போதும்.

சூயிங்கம், வாய் மணக்கும் மிட்டாய், சில பற்பசைகள், சில மருந்துச் சிரப்புகள், வெளிநாட்டிலிருந்து வரும் சில கடலை வெண்ணெய் டப்பாக்கள் ஆகியவற்றில் பாருங்கள். லேபிளில் 967 என்ற எண்ணாகவும் இருக்கும்.

தினமும் ஒரு டம்ளர் பால் ஊற்றுகிறேன். கூடாதா?

மலம் கெட்டியாக இருக்கிறதா? இருந்தால் அந்த நாய்க்கு ஒத்துக்கொள்கிறது என்று அர்த்தம். ஆனால் ஒரு டம்ளர் என்பது இரண்டாவது கேள்வியின் கணக்கைத் தாண்டிவிடும். இளகினால் நிறுத்திவிட்டுத் தயிருக்கு மாறுங்கள். தாயில்லாக் குட்டிகளுக்குப் பசும்பால் போதாது. அவற்றுக்கென்று பால்பொடி தனியாகக் கிடைக்கிறது.

பிஸ்கட் இல்லாமல் மாத்திரையே விழுங்க மாட்டேன் என்கிறது.

மாத்திரைக்கு ஒரு பிஸ்கட் குற்றமில்லை. டீக்கடை வாசலில் பாக்கெட் பாக்கெட்டாகப் போடுவதுதான் குற்றம். அது சர்க்கரையும் மைதாவும் எண்ணெயும் சேர்ந்தது. கிரீம் பிஸ்கட்டும் சாக்லேட் பிஸ்கட்டும் வேண்டவே வேண்டாம். வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து உருட்டி மாத்திரையை உள்ளே ஒளித்துப் பாருங்கள். எங்கள் வீட்டு நாய் மணி இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

முட்டை பச்சையாகவா, அவித்தா?

அவித்து. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற உயிர்ச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சால்மொனெல்லா என்ற கிருமியின் பயமும் உண்டு. இரண்டும் வேகவைத்தால் தீர்ந்தது. பத்துக் கிலோ நாய்க்குப் பாதி முட்டை போதும்.

கறி எடுக்கும்போது நாய்க்கென்று எலும்பு கேட்டு வாங்குகிறோம். எலும்பு தின்னாத நாயும் உண்டா?

இந்த நம்பிக்கையோடு சண்டை போட்டு நான் அதிகம் ஜெயித்ததில்லை. எங்கள் வீட்டிலேயே தோற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மட்டன் குழம்பிலிருந்து நல்லி எலும்பு வளையம் ஒன்றை மணிக்குப் போட்டார். அது மஜ்ஜையை நக்கப் போய், வளையம் கீழ்த்தாடையில் கோரைப்பல்லைத் தாண்டி மாட்டிக்கொண்டது. வாயை மூட முடியாமல், எச்சில் ஒழுக, தலையைத் தரையில் தேய்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடியது. மயக்க ஊசி போட்டு எங்கள் மருத்துவர் அந்த வளையத்தை வெட்டி எடுத்தார். அப்பா அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. பில்லை மட்டும் டிவி பக்கத்தில் வைத்தேன்.

வெந்த எலும்பு, முக்கியமாகக் கோழி எலும்பு, ஊசியாகச் சிம்பும். தொண்டையில் குத்தும், குடலைக் கிழிக்கும். தப்பித்துப் போனாலும் மாவாகி ஆசனவாயில் சுண்ணாம்புபோல் அடைத்துக்கொள்ளும். பச்சை எலும்பு அவ்வளவு சிம்பாது என்பது உண்மைதான். பல் உடைவதும் கிருமியும் இருக்கவே இருக்கின்றன. குழந்தைகள் தவழும் வீட்டில் நான் பச்சை எலும்பைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கறியையே வேகவைத்து, எலும்பையும் கொழுப்பையும் நீக்கிக் கொடுங்கள். ஈரல் நாய்க்கு அமிர்தம். ஆனால் உயிர்ச்சத்து ஏ மிகுந்தது, வாரத்தில் ஒன்றிரண்டு சிறிய துண்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீன்? கருவாடு?

மீனை வேகவைத்து முள்ளை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து தின்றால் அவற்றில் உள்ள ஒரு நொதி தயாமின் உயிர்ச்சத்தை அழித்துவிடும். கருவாடு என்பது நாயைப் பொறுத்தவரை உப்புக்கட்டி. அப்பளம், ஊறுகாய், வற்றல் எல்லாம் அதே வரிசை.

பழங்கள் எல்லாம் இயற்கைதானே?

அரளியும் இயற்கைதான். திராட்சை பற்றி முன்பே சொன்னேன். வாழைப்பழம், பப்பாளி, தர்பூசணி, கொய்யா, ஆப்பிள் எல்லாம் சிறு துண்டுகளாகச் சரி, விதையை எடுத்துவிடுங்கள். மாம்பழத்தில் சதை நல்லது, கொட்டை ஆபத்து. வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் குடலில் அடைத்துவிடும். ஆனி, ஆடி மாதங்களில் மாங்கொட்டையை எக்ஸ்ரேயில் பார்ப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. மக்காச்சோளத் தண்டும் அதே மாதிரிதான். முத்துகளை உதிர்த்துக் கொடுங்கள், தண்டைக் கொடுக்காதீர்கள்.

சீத்தாப்பழ விதையைக் கவனியுங்கள். பேனுக்கு அரைத்துத் தடவும் விதை அது. நச்சு என்று பாட்டிகளுக்கே தெரியும். மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது, அதில் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. தோல் நீக்கி நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சரி. கேரட், பீன்ஸ், பூசணி, வெள்ளரிக்காய் ஆகியவற்றில் கலோரி குறைவு என்பதால், எந்நேரமும் கேட்கும் நாய்க்கு இவைதான் விடை.

தேங்காய், நிலக்கடலை?

தேங்காய்ச் சில்லு சின்னதாக ஒன்று சரி, கொழுப்பு அதிகம். கடலை அவித்தது, உப்பில்லாதது, நாலைந்து மணிகள் போதும். பூசணம் பிடித்த கடலையையும் பழைய கடலைப் புண்ணாக்கையும் மாட்டுக்கு ஆகாது என்று நாய்க்குப் போடுபவர்கள் உண்டு. அந்தப் பூசணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை நாயின் கல்லீரல் தாங்காது.

தீபாவளிக்கு மைசூர்பாகு, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. வருடத்தில் சில நாட்கள்தானே?

நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்காது என்று நம்மவர்கள் சொன்னது வசைக்காக என்றாலும், மருத்துவப்படி சரியாகவே இருக்கிறது. திடீரென்று நிறையக் கொழுப்பு உள்ளே போனால் கணையம் வீங்கிக்கொள்ளும். தின்ற மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடர் வாந்தி, தொட்டால் கத்தும் வயிற்றுவலி, முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு நிலை. அது விளையாட அழைக்கும் தோரணைபோலவே இருப்பதால் பலர் சிரித்துக்கொண்டே படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நடுவயதைத் தாண்டிய குண்டு நாய்களுக்கு இது அதிகம் வருகிறது. சில நாட்கள் டிரிப்ஸில் கிடக்க வேண்டியிருக்கும். சில திரும்பி வருவதில்லை.

பிரியாணியில் வெங்காயம், பூண்டு, எலும்பு, நெய் நான்கும் ஒரே தட்டில். வேறு விளக்கம் வேண்டுமா?

நாங்கள் சைவம். நாயும் சைவமாகவே இருக்கலாமா?

இருக்கலாம், பருப்பும் தயிரும் சோறும் மட்டும் போட்டு அல்ல. நாய் பூனையைப்போல் கட்டாய மாமிச உண்ணி இல்லை. பூனைக்கு டாரின் என்ற அமினோ அமிலமும் உயிர்ச்சத்து ஏயும் இறைச்சியிலிருந்தே வந்தாக வேண்டும், அதைச் சைவமாக்காதீர்கள். நாய்க்குப் போதுமான புரதம், கால்சியம், துத்தநாகம், கொழுப்பு அமிலங்கள் கிடைக்கும்படி அளவு பார்த்துச் செய்ய வேண்டும். முட்டை வரை சம்மதம் என்றால் வேலை பாதியாகக் குறையும். வளரும் குட்டிக்கு இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள். முழு உணவை மாற்றுவது என்றால் என்னிடம் கேட்காமல் மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

பைரவருக்குப் படைத்த வடையைத் தெருநாய்க்குப் போடுவது புண்ணியம்தானே?

வடையில் வெங்காயம் இல்லையென்றால் ஒரு துண்டால் ஒன்றும் ஆகாது. எண்ணெய் பற்றி மேலே படித்தீர்கள். பைரவரின் வாகனத்துக்கு முட்டை கலந்த சோறும் ஒரு சட்டித் தண்ணீரும் வைத்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பந்தி இலையைச் சுருட்டி அப்படியே வீசுவதை நிறுத்துங்கள். எலும்பும் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்தே உள்ளே போகின்றன. எங்கே வைப்பது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். 2023 ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாசல் ஆகியவற்றிலிருந்து விலகிய ஓர் இடத்தைக் குடியிருப்போர் சங்கமே ஒதுக்க வேண்டும் என்கின்றன.

பாக்கு கொடுத்தால் வயிற்றுப் பூச்சி விழும் என்று ஒரு பெரியவர் சொன்னார்.

பெரியவர் முழுப் பொய் சொல்லவில்லை. பாக்கில் உள்ள அரெக்கோலினை ஒரு காலத்தில் மருத்துவர்களே நாய்களுக்குப் பூச்சி மருந்தாகக் கொடுத்தார்கள். பூச்சியோடு நாயையும் உலுக்கி எடுத்ததால் கைவிட்டார்கள். பாதுகாப்பான மாத்திரைகள் வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அளவு தெரியாமல் சீவலைத் திணித்தால் எச்சில், வாந்தி, பேதி, இதயத் துடிப்பு தளர்வது எல்லாம் வரும்.

கூடாததைத் தின்றுவிட்டது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவா?

வேண்டாம். உப்பே நஞ்சாகி மூளையை வீங்க வைத்த நாய்கள் உண்டு. விரலை விடுவது, எண்ணெய் ஊற்றுவது, பால் ஊற்றி "முறிப்பது" எதுவும் வேண்டாம். கூர்மையான எலும்பைத் தின்ற நாயையும் மயங்கிக் கிடக்கும் நாயையும் வாந்தி எடுக்க வைப்பது இன்னும் ஆபத்து. தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் மருத்துவர் ஊசி போட்டுப் பாதுகாப்பாக வெளியே எடுக்க வாய்ப்பு அதிகம். ஆகவே இணையத்தில் தேடிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

தொலைபேசியில் நான்கு விவரம் சொன்னால் போதும்: என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன. பாக்கெட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். நாயை எந்தச் சாமியார் கொடுத்தார் என்ற கதையைப் பிறகு கேட்கிறேன். உங்கள் ஊர் கிளினிக் மூடியிருந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனை அல்லது கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கல்லூரிகள் இருக்கின்றன.

எல்லாம் சரி அக்கா, எங்கள் மாமியார் யாருக்கும் தெரியாமல் கொடுக்கிறார். அவரை எப்படி நிறுத்துவது?

நிறுத்த முடியாது. நான் முயன்று பார்த்துவிட்டேன். வயதானவர்களுக்கு நாய்க்கு ஊட்டுவதுதான் நாளின் நல்ல நேரம். அதைப் பிடுங்கினால் அவர்கள் இன்னும் ரகசியமாகக் கொடுப்பார்கள். காலையில் ஒரு டப்பாவில் அன்றைய ஒதுக்கீட்டைப் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்: அவித்த கேரட், பூசணித் துண்டு, கொஞ்சம் கோழிக்கறி. "டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்" என்பது மட்டும்தான் விதி. நல்லி எலும்புக்குப் பிறகு எங்கள் அப்பாவிடம் இப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். எவர்சில்வர் டப்பா, மூடி கொஞ்சம் இறுக்கம். அவர் அதைத் திறக்கும் சத்தம் கேட்டால் மணி மாடியிலிருந்து இறங்கி ஓடிவருகிறது. போன வாரம் டப்பாவில் நான் போடாத அரை இட்லி ஒன்று இருந்தது. சட்னி தொடாத இட்லி என்பதால் பேசாமல் மூடிவைத்துவிட்டேன்.